இரண்டு அலைவரிசை, ஒரு பிலோமினா

வானத்தையும் தரையையும் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆளையும் ஒரு ரேடியோ அலைவரிசையையும் ஒதுக்கி, கூட்டம் குறைந்த மறுநிமிடமே இரண்டு துண்டையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிடுவதுதான் எங்கள் தொழில்.

பினாங்குத் தீவில், ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பது சும்மா பேச்சுக்கு. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். விமானம் நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதையின் வாசல் வரை 'கிரவுண்டு' என்று ஓர் ஆள் பார்ப்பார். ஓடுபாதையும் அதற்கு மேலே உள்ள கொஞ்சம் வானமும் 'டவர்' பொறுப்பு. மிச்ச வானம், கீழ்மாடி அறையில் ரேடார் பார்ப்பவர்களுக்கு. அவர்கள் அதை வடக்கு, தெற்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். போக்குவரத்து குறைந்தால் கீழே வடக்கையும் தெற்கையும் சேர்த்துவிடுவார்கள், மேலே கிரவுண்டையும் டவரையும் சேர்த்துவிடுவோம். இதற்கு எங்கள் பேச்சில் 'கம்பைன்'. ஆள் ஒன்றாகிவிடுவார். அலைவரிசை மட்டும் இரண்டாகவே இருக்கும். நீங்களும் ஏதோ ஒரு கவுன்டரில், ஒரு காதில் டெலிபோனும் எதிரே ஆளுமாக, இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்க்கிறவராகத்தான் இருப்பீர்கள். அதனால் என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு விமானம் கிரவுண்டிலிருந்து பதில் வராமல் பதிமூன்று நிமிடம் நின்றது. தப்பு என்னுடையதா, எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த கஸ்தூரியுடையதா என்று வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பதாகச் சொல்லிவிட்டார்கள். யார் தப்போ அவருக்குத் தனியாக உட்காரும் உரிமை போகும். அதுவரை மூன்று நாள். அந்த மூன்று நாளும் என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் கிளம்பி வந்த பழைய கதைகளையும், அந்த வெள்ளிக்கிழமைக் கதையையும் சேர்த்தே தருகிறேன். ரேடியோவில் நாங்கள் பேசுவதெல்லாம் ஆங்கிலம், உங்களுக்காகத் தமிழில்.

எனக்கு நானே கைமாற்றியது

கம்பைன் செய்த புதிதில் எல்லாருக்கும் நடக்கிற கூத்து இது. ஒரு விமானம் இறங்கி, ஓடுபாதையை விட்டு வெளியே வந்தது. டவரில் இருந்த நான், பழக்கதோஷத்தில், "இனி கிரவுண்டைக் கூப்பிடுங்கள், வணக்கம்" என்று விடைகொடுத்தேன். விமானியும் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, எண்ணை மாற்றி, கிரவுண்டைக் கூப்பிட்டார். கிரவுண்டும் நானேதான். "வணக்கம், சொல்லுங்கள்" என்றேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையின் முன்வாசலில் வழியனுப்பி, பின்வாசலில் நின்று வரவேற்ற மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் நடக்காதது போல் குரலைக் கொஞ்சம் கட்டையாக்கிக்கொண்டு வழியைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் கேட்டார்: "மேடம், இப்ப டவர்ல பேசினவங்க உங்க அக்காவா?"

பாதிப் பேச்சு கேட்கிறவர்

கம்பைனில் இன்னொரு சங்கடம் உண்டு. நான் வாயைத் திறந்தால் இரண்டு அலைவரிசையிலும் போகும். ஆனால் கிரவுண்டில் இருக்கும் விமானிக்கு, டவர் அலைவரிசையில் இருக்கும் விமானியின் குரல் கேட்காது. நான் பேசுவது மட்டும் கேட்கும். அடுத்த வீட்டு அக்கா டெலிபோனில் சண்டை போடுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கிறோமே, அந்தக் கதைதான். யாரோடு, எதற்கு என்று தெரியாது. சூடு மட்டும் தெரியும்.

ஒரு நாள் சின்ன விமானம் ஒன்று, பயிற்சிக்கு வந்தது, சொன்ன பக்கம் திரும்பாமல் தன் இஷ்டத்துக்கு வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. "இடது பக்கம். இல்லை, இடது. நான் இடது என்றேன். சரி, விடுங்கள், இருக்கிற இடத்திலேயே வட்டம் போடுங்கள்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அந்த நேரம் கிரவுண்டு அலைவரிசையில் ஒரே ஒரு பெரிய விமானம், நல்ல பிள்ளையாக வரிசையில் வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. அதன் தலைமை விமானி, குரலைக் கேட்டால் ரிட்டையர் ஆகப்போகிறவர் மாதிரி, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், திட்டுறது என்னையா, வேற யாரையாவதா? என்னைத்தான்னா, இங்க வட்டம் போட இடம் இல்லை."

குவா பஞ்சிர்

எங்களுக்குக் கை எப்போதும் வேலையாக இருக்கும் என்று, பேசுவதற்கு மேசைக்கு அடியில் ஒரு மிதிகட்டை வைத்திருக்கிறார்கள். மிதித்தால் ரேடியோ திறக்கும். காலை எடுத்தால் மூடும். முழங்கால் ஆடுகிற பெண்ணுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

மதியச் சாப்பாடு வாங்கக் கஸ்தூரி கீழே கிளம்பினாள். கஸ்தூரி பட்டர்வொர்த்துக்காரி, மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வேலைக்கு வருகிறவள். நான் நாற்காலியில் இருந்தபடியே, "எனக்கு நாசி கண்டார் சோறு, கோழி, வெண்டைக்காய் ரெண்டு, அந்த ஆள்கிட்டக் குழம்பு கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்னு சொல்லு" என்று மலாயும் தமிழுமாகக் கத்தினேன். கால் மிதிகட்டையில் இருந்திருக்கிறது. கம்பைன் வேறு. தரையில் நின்றவர், வானத்தில் வந்தவர் எல்லாருக்கும் என் சாப்பாட்டுப் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது. வடக்கேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்கார விமானி, இறங்கும் அனுமதியைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதே குரலில் கூடவே சேர்த்துச் சொன்னார்: "மேடம், எனக்கும் ஒரு பொட்டலம் தாப்பாவ். குவா பஞ்சிர், குழம்பு வெள்ளமா ஓடணும்."

பிரிச்சுக் குடுங்க

சேர்த்ததைப் பிரிக்க ஒரு வழி உண்டு. கூட்டம் ஏறினால் சூப்பர்வைசரைப் பார்த்து, "பிரிச்சுக் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்னோர் ஆள் வந்து கிரவுண்டை வாங்கிக்கொள்வார். இந்தப் பதினாறு வருடத்தில் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணலாம். ஒரு கை விரலே மிஞ்சும். கேட்டால் முடியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வறட்டுக் கௌரவம். உங்களுக்கும் இருக்கும், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

எங்கள் சூப்பர்வைசர் குணா அண்ணன், புக்கிட் மெர்தாஜாம்காரர், எதையும் அவசரப்படாமல் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்கிற மனிதர். ஒரு நாள் ஆறு விமானத்தை ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசையிலும் மேய்த்து முடித்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து எழுந்து, "எப்படிண்ணே?" என்று பெருமையாகக் கேட்டேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "ஊர்ல பிரிச்சு விடுங்கன்னு வந்து நிக்கிறவங்களப் பாத்தாத்தான் பயப்படுவாங்க. நீ வந்து நிக்க மாட்டேங்குறியேன்னு எனக்குப் பயமா இருக்கு, பிலோ."

சாய்ந்த காகிதம்

ஒவ்வொரு விமானத்துக்கும் எங்களிடம் ஒரு காகிதத் துண்டு உண்டு, ஸ்ட்ரிப் என்போம். பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, மேசைப் பலகையில் வரிசையாக அடுக்கி வைப்போம். யாராவது கூப்பிட்டு, உடனே பதில் சொல்ல முடியாமல் நிற்க வைத்தோமென்றால், அவருடைய ஸ்ட்ரிப்பைக் கோணலாகச் சாய்த்து வைக்க வேண்டும். மற்றதெல்லாம் நேராக இருக்க, அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். இந்த ஆளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்று பொருள். ஞாபகத்தை நம்பாதே, காகிதத்தை நம்பு என்பதுதான் வழக்கம்.

கஸ்தூரிக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. தனியாக உட்கார அனுமதி கிடைத்து மூன்றே மாதம். புதுத் துடைப்பம் நன்றாகப் பெருக்கும் என்பது போல, எல்லாவற்றையும் சாய்ப்பாள். போன் செய்ய வேண்டியிருந்தால் போனைச் சாய்ப்பாள். கேன்டீனில் மாமாக் கடையில் தே தாரிக் டீ வாங்கினால், இன்னொன்று வேண்டுமென்பதற்கு அடையாளமாகத் தட்டைக் கிளாஸின் மேல் சாய்த்து வைப்பாள். கடைக்கார மாமா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் புகார் செய்தார்: "அந்தத் தங்கச்சி குடிச்சிட்டுப் போன மேசையப் பாத்தா, பூமி அதிர்ச்சி வந்த வீடு மாதிரி இருக்குலா."

பதிமூன்று நிமிடம்

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மதியக் கூட்டம் முடிந்து கஸ்தூரி இரண்டையும் சேர்த்து வைத்திருந்தாள். மூன்று மணிவாக்கில் நான் போய் மாற்றினேன். "ரெண்டும் உங்ககிட்டக்கா, கிரவுண்டுல யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கீழே போனாள். அவள் போனதுதான் தாமதம், கடல் பக்கமிருந்து மழை ஏறி வந்தது. இறங்க வந்த முதல் விமானத்துக்கு ஓடுபாதை தெரியவில்லை, மேலேறிப் போய்விட்டது. கீழே ரேடார் அறைக்குப் போன். பின்னால் இன்னொன்று. ஓடுபாதையில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்க வண்டி போக வேண்டும், வர வேண்டும். இறங்கியவர்களையும் கிரவுண்டுக்கு மாறச் சொல்லாமல் டவர் அலைவரிசையிலேயே வைத்து நிறுத்தம் வரை கொண்டுபோனேன். பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை.

மழை விட்டது. குணா அண்ணன் ஜன்னலில் படிந்த ஆவியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "ஆறாம் நம்பர் நிறுத்தத்துல சிவப்பு விளக்கு சுத்திக்கிட்டு ஒண்ணு நிக்குதே, அது யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். சிவப்பு விளக்கு சுற்றினால், கிளம்பத் தயார், எங்கள் அனுமதிக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பலகையைப் பார்த்தேன். அதன் ஸ்ட்ரிப் மற்றவற்றோடு நேராக நின்றது. சாயவில்லை. அப்படியென்றால் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. அல்லது கூப்பிட்டு எனக்குக் கேட்கவில்லை. கம்பைன் செய்கிறவர் கிரவுண்டைக் கேட்க ஒரு பொத்தானை அமுக்கி வைக்க வேண்டும், அமுக்கினால் அதன் விளக்கு எரியும். கிரவுண்டின் அந்தக் கேட்கும் பொத்தான் அணைந்திருந்ததா? பதற்றத்தில் கிரவுண்டின் பொத்தான்களையெல்லாம் மாறி மாறி அமுக்கிவிட்டேன். அதற்கு முன் விளக்கு எரிந்ததா இல்லையா என்று சத்தியமாக நான் பார்க்கவில்லை. "தயாரா இருக்கீங்களா?" என்று கூப்பிட்டேன். விமானி அமைதியாகச் சொன்னார்: "இன்னும் ஸ்டேன்பைலதான் இருக்கேன், மேடம்."

'லாம்'

தாமதம் பெரிய விஷயமில்லை. ஓர் அலைவரிசை பதிமூன்று நிமிடம் செவிடாகக் கிடந்ததா என்பதுதான் பெரிய விஷயம். அந்த நேரத்தில் யாராவது வழி தப்பி ஓடுபாதைக்குள் வந்து கத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காதே. அன்று சாயங்காலமே நான் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்: "நான் பொறுப்பேற்றபோதே கிரவுண்டின் கேட்கும் பொத்தான் அணைந்திருந்திருக்கலாம்." பொய் எழுதவில்லை. அப்படித்தான் நம்பினேன். விமானி சொன்ன 'ஸ்டேன்பை'யைக்கூடச் சும்மா காத்திருக்கிறேன் என்பதாகவே எடுத்துக்கொண்டேன்; சாயாத ஸ்ட்ரிப்பே சாட்சி என்று நினைத்தேன். ஆனால் அந்த 'லாம்' நேராகப் போய்க் கஸ்தூரியின் தலையில் விழுந்தது. அவளுக்கு முன்பு ஒரு முறை தேர்வு தவறி, இரண்டாம் முறைதான் நாற்காலி கிடைத்தது. இப்போது போனால் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து, இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் நிற்க.

புதன்கிழமை கேன்டீனில் அவளைப் பார்த்தேன். எதிரில் தே தாரிக் ஆறிப்போயிருந்தது. நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் எடுக்கப் போனேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். "உன்னைக் குத்தம் சொல்லலை கஸ்தூரி, உள்ளதைத்தான் எழுதினேன்" என்றேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். குனிந்தபடியே சொன்னாள்: "நான் அமுக்கினேன்க்கா. நேத்து வரைக்கும் நல்லா ஞாபகம் இருந்துச்சு. நீங்க எழுதினதப் படிச்சப்புறம்தான் தெரியல."

வீட்டு அலைவரிசை

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில், ஒன்பதாம் மாடி. என் கணவர் ஜெரால்டுக்கு, தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. தினமும் மோட்டாரில் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறார். மழைக்காலத்தில் நடுப்பாலத்தில் காற்று மோட்டாரைப் பக்கவாட்டில் தள்ளும் என்பார். அதே எதிர்க்கரையில், புக்கிட் மெர்தாஜாமில், ஒரு தரைவீடு விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, அதன் படம் போட்ட காகிதத்தைக் கொண்டுவந்து, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டு ஐந்து மாதமிருக்கும். நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். "ஸ்டேன்பை" என்றேன். எங்கள் தொழில் சொல் அப்படியே வீட்டுக்கும் வந்துவிட்டது. அதற்குச் சரி என்றும் அர்த்தமில்லை, வேண்டாம் என்றும் அர்த்தமில்லை. நானே திரும்பக் கூப்பிடுகிறேன், அதுவரை பேசாமல் இரு என்று அர்த்தம். அவர் காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் நனைந்துபோய் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நேராகக் குளிர்பெட்டி முன்னால் போய் நின்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு அந்தப் பதிவு முடியட்டுங்க, அதுவரைக்கும் வீடு கீடுன்னு ஒண்ணும் கேக்காதீங்க, ஸ்டேன்பை!" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நான் தண்ணி எடுக்க வந்தேன், பிலோ."

வெள்ளிக்கிழமை

குளிரூட்டி கடகடக்கும் ஒரு சின்ன அறை. தலைமையகத்திலிருந்து வந்த அதிகாரி, ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். குணா அண்ணன், கஸ்தூரி, நான். கஸ்தூரி மேசையைப் பார்த்தபடி இருந்தாள். கிரவுண்டு அலைவரிசையைப் போட்டார்கள். முதலில் இரைச்சல். பிறகு விமானியின் குரல், சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக: ஆறாம் நம்பர் நிறுத்தம், கிளம்பத் தயார். அதற்கு மறுநொடியே ஒரு பெண், வேறெங்கோ ஓடிக்கொண்டிருப்பவள் போல், "ஸ்டேன்பை" என்றாள். யார் இந்த அவசரக்காரி என்று நினைத்தேன். கஸ்தூரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

பொத்தான் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. கஸ்தூரி அமுக்கித்தான் வைத்திருந்தாள். எனக்குக் கேட்டிருக்கிறது, பதிலும் சொல்லியிருக்கிறேன். ஸ்ட்ரிப்பைத்தான் சாய்க்கவில்லை. சாய்க்காததால் சொன்னது எனக்கே மறந்துபோய், சாயாத ஸ்ட்ரிப்பையே சாட்சியாக வைத்து இன்னொருத்தி தலையில் எழுதியிருக்கிறேன். போதும், நிறுத்திவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மாள் நிறுத்தவில்லை. பதிமூன்று நிமிடத்தையும் ஓடவிட்டார். அதில் வேறு யார் குரலும் இல்லை. நான் மட்டும், மேலே ஏறுங்கள், பொறுங்கள், வண்டி வெளியே வந்ததா என்று பாதிப் பேச்சாகப் பேசிக்கொண்டே இருந்தேன். அந்த அறையில் நான் பட்ட வெட்கம் என் எதிரிக்கும் வேண்டாம்.

ஒரு விமானி ஏன் பதிமூன்று நிமிடம் மறுபடி கூப்பிடவில்லை என்று குணா அண்ணன் கேட்டார். அதிகாரி கோப்பைப் புரட்டி, விமானி எழுதிக் கொடுத்ததைப் படித்தார்: "நிற்கச் சொன்னார், நின்றேன். அவர் பேசுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பாவம், மிகவும் சிரமப்படுகிறார் என்று தோன்றியது. தொந்தரவு செய்ய மனம் வரவில்லை."

மோட்டார் நிறுத்துமிடம்

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. இரண்டு மாதத்துக்கு நான் கம்பைன் பிடிக்கக் கூடாது. கிரவுண்டு மட்டும், அதுவும் பக்கத்தில் டவரில் ஓர் ஆள் இருந்தால்தான். தனியாக உட்காரும் உரிமை போனது எனக்கு. எனக்கு அது அப்போது பெரிதாகப் படவில்லை. கஸ்தூரி படியிறங்கிப் போய்விட்டாள்; நான் பின்னாலேயே ஓடினேன். மோட்டார் நிறுத்துமிடத்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, "மன்னிச்சிரு கஸ்தூரி. உன் மேல அபாண்டம் போட்டுட்டேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லு, இப்பவே சொல்லு" என்றேன்.

இப்பவே சொல்ல வேண்டுமாம். எனக்கு எல்லாமே உடனே நடக்க வேண்டும், மன்னிப்பு உட்பட. அவள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, மோட்டாரைக் கிளப்பி, காலைத் தூக்கும் முன் சொன்னாள்: "ஸ்டேன்பைக்கா."

பிலோ என்றொரு விமானம்

திங்கட்கிழமை கிரவுண்டில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் டவரில் கஸ்தூரி. வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. ஓர் அலைவரிசை மட்டும் பிடிப்பது எனக்குக் கையைக் கட்டிப்போட்டது போலிருந்தது. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவள் பலகையைப் பார்த்தேன். ஸ்ட்ரிப்கள் வரிசையாக நிற்க, ஆகக் கீழே ஒன்று மட்டும் கோணலாகச் சாய்ந்திருந்தது. அதில் விமான எண் இல்லை. 'பிலோ அக்கா' என்று எழுதியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் மன்னித்துவிடவில்லை. பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறாள். நான் அந்த விமானிக்குச் செய்யாததை அவள் எனக்குச் செய்திருக்கிறாள். ஷிப்டு முடியும்வரை அது அப்படியே சாய்ந்திருந்தது. கணக்குப் பார்க்க வந்த குணா அண்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அதே கோணலில் திரும்ப வைத்துக் கேட்டார்: "இது என்ன ஃபிளைட்டு, இன்னும் கிளம்பலியா?"

குளிர்பெட்டிக் கதவு

பேருந்தில் வீட்டுக்கு வரும்போது ஒரே யோசனை. இந்த வாயால் இன்னும் யார் யாரை நிற்க வைத்திருக்கிறேனோ? வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், குளிர்பெட்டி முன்னால் போய் நின்றேன். அந்த வீட்டுப் படம் ஐந்து மாதமாகக் காந்தத்தின் கீழே நேராக, ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்துக் கோணலாகச் சாய்த்தேன். கையெடுக்கும்போதே வெட்கமாக இருந்தது; எதற்குச் சாய்க்க வேண்டும், பதிலையே சொல்லிவிடலாமே.

ஜெரால்டு பாலத்தைத் தாண்டி வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், "என்னங்க, இந்தச் சனிக்கிழமை புக்கிட் மெர்தாஜாம் போய் அந்த வீட்டைப் பாத்துட்டு வருவோம். எனக்குச் சம்மதம்" என்றேன். அவர் கோணலாக இருந்த படத்தைப் பார்த்தார். கை தன்னால் போய் அதை நேராக்கியது. பிறகு, என்னைக் குறை சொல்கிற குரலே இல்லாமல் சொன்னார்: "அது வித்துப்போயி ரெண்டு மாசம் ஆச்சு, பிலோ. நீ ரொம்ப பிஸியா இருந்தே, அதான் தொந்தரவு பண்ணல."

ஆகவே, என்னைப் போல் அல்லாடும் அன்பர்களே, இரண்டு பேர் வேலையை ஒருவராகச் சேர்த்துப் பார்ப்பதில் தப்பே இல்லை, யாரை நிற்கச் சொன்னோம் என்பதை மட்டும் எங்காவது ஒரு காகிதத்தில் கோணலாக வைத்துத் தொலையுங்கள்.